கணக்கு திரும்பி வந்தது, தூக்கம் வரவில்லை

மதுரை திருநகரில் வீட்டிலிருந்தே சுங்குடிச் சேலை விற்கிறேன். தனியாகக் கடை கிடையாது, இன்ஸ்டாகிராம் பக்கம்தான் கடை. நானே உடுத்திப் படம் போடுவேன், ஆர்டர் வரும், கூரியரில் அனுப்புவேன். சித்திரைத் திருவிழாவுக்கு முந்தைய வாரங்களில் விற்பனை சூடு பிடிக்கும். அந்தச் சமயத்தில் ஒரு நாள் காலையில் எழுந்து பார்த்தால் என் பக்கத்துக்குள் என்னாலேயே போக முடியவில்லை. ஈமெயில் முகவரி மாற்றப்பட்டுவிட்டது என்று நள்ளிரவில் ஒரு மெயில் வந்து கிடந்தது.

தங்கையின் போனில் திறந்து பார்த்தேன். '20 ஆயிரம் போட்டேன், ஒரே நாளில் ஒரு லட்சமாகத் திரும்பி வந்தது' என்று என் படத்தோடு யாரோ ஸ்டோரி போட்டிருந்தார்கள். வாடிக்கையாளர்களிடம், 'புது ஸ்டாக் வந்திருக்குக்கா, அட்வான்ஸை இந்த நம்பருக்கு அனுப்பிருங்க' என்று கேட்டிருந்தார்கள். அச்சு அசலாக என் பேச்சு. என் பழைய உரையாடல்களை எல்லாம் உட்கார்ந்து படித்திருந்தால்தான் அப்படி எழுத முடியும். பணத்தைக் கேட்டதைவிட அதுதான் என் வயிற்றைக் கலக்கியது.

செய்ய வேண்டியதை வரிசையாகச் செய்தோம். முதலில் ஜிமெயில். மற்ற எல்லாவற்றுக்கும் சாவி அதுதான் என்பதால் அதன் பாஸ்வேர்டை மாற்றி, வேறு போன்களில் திறந்திருந்தால் வெளியேற்றி, மெயில்கள் வேறு முகவரிக்குப் போகும்படி ஏதாவது மாற்றி வைத்திருக்கிறார்களா என்றும் பார்த்தோம். இன்ஸ்டாகிராம் அனுப்பிய அந்த மெயிலிலேயே மாற்றத்தைத் திருப்பிக்கொள்ள ஒரு இணைப்பு உண்டு. ஆனால் உள்ளே புகுந்தவர்கள், பாஸ்வேர்டோடு இன்னொரு குறியீடும் கேட்கும் இரட்டைச் சரிபார்ப்பைத் தங்கள் பக்கம் போட்டுக்கொண்டதால் எனக்கு அது மட்டும் போதவில்லை. கணக்கில் நம் முகம் உள்ள படங்கள் இருந்தால் வீடியோ செல்ஃபி கேட்பார்கள். முகத்தை இடமும் வலமும் திருப்பிக் காட்ட வேண்டும். முதலில் ஏற்கவில்லை, ஜன்னல் ஓரமாக நல்ல வெளிச்சத்தில் எடுத்தபோது ஏற்றுக்கொண்டது.

இதற்குள் திண்டுக்கல் வாடிக்கையாளர் ஒருவர் 3,500 ரூபாய் அனுப்பிவிட்டார். உடனே சைபர் மோசடிக்கான உதவி எண் 1930-க்குக் கூப்பிடச் சொன்னேன். அங்கே தகவல் போனால் பணம் போய்ச் சேர்ந்த வங்கிக்குச் சொல்லி, எடுப்பதற்கு முன் நிறுத்தி வைக்கப் பார்ப்பார்கள். அதனால் நேரம்தான் எல்லாம். நான் என் பங்குக்குத் தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் புகார் பதிந்தேன். பக்கத்தின் முகவரி, ஸ்டோரியின் ஸ்கிரீன்ஷாட், பணம் கேட்ட நம்பர் எல்லாவற்றையும் கணக்கு கைக்கு வருவதற்கு முன்பே தங்கை எடுத்து வைத்திருந்தாள். அந்த ஸ்டோரி ஒரு நாளில் மறைந்துவிடும், எடுக்காமல் விட்டிருந்தால் கையில் ஒன்றும் இருந்திருக்காது. மாநகர சைபர் கிரைம் போலீசாரிடமும் போனோம். அடுத்தவர் பாஸ்வேர்டையோ அடையாளத்தையோ திருடிப் பயன்படுத்தினால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66சி, கம்ப்யூட்டர் வழியே ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றினால் 66டி. இரண்டுக்கும் மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. சட்டத்தில் இதற்கு ஒரு பெயர் இருக்கிறது என்று தெரிந்ததே அன்றைக்கு எனக்குக் கொஞ்சம் தெம்பாக இருந்தது.

கணக்கு திரும்பியது. வீட்டில் எல்லோருக்கும் விஷயம் அதோடு முடிந்துவிட்டது. "நகை நட்டா போச்சு? போனுதானே, விடு ஆத்தா" என்றார் மாமியார், அன்பாகத்தான். எனக்கு அதன் பிறகுதான் ஆரம்பமானது.

ராத்திரி ஒரு மணிக்கு விழிப்பு வரும். கை தானாகப் போனுக்குப் போகும். என் கணக்கு எந்த போனில், எந்த ஊரில் திறந்திருக்கிறது என்று இன்ஸ்டாகிராம் காட்டும் பட்டியலைத் திறப்பேன். ஒரு நாள் அதில் 'சென்னை' என்று இருந்தது. நெஞ்சு படபடத்து, வியர்த்து, வீட்டுக்காரரை எழுப்பிவிட்டேன். அது என் போன்தான். மொபைல் இணையத்தில் இருக்கும்போது ஊர் தோராயமாகத்தான் காட்டும், மதுரையில் இருந்தாலும் சென்னை என்று வரும். தெரிந்த பிறகும் அடுத்த ராத்திரி திரும்பவும் திறந்தேன்.

எப்படி உள்ளே வந்தார்கள் என்பது இதுவரை தெரியவில்லை. அது தெரியாததால் யாரைப் பார்த்தாலும் சந்தேகம். இந்தப் பக்கத்தைத் தொடங்கிக் கொடுத்தது நாத்தனார் மகன். அவன் வீட்டுக்கு வந்தால் அவன் கையிலிருக்கும் போன் மேலேயே என் கண் போகும். பாவம், நல்ல பிள்ளை. கல்யாண வீட்டுக்குப் போனால், "ஓடிபி சொல்லிட்டியாமே?" என்று எடுத்தவுடன் கேட்பார்கள். நான் யாருக்கும் எந்த ஓடிபியும் சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொருவருக்கும் அதை நிரூபித்துக்கொண்டிருக்க வேண்டியிருந்தது. வீட்டில் திருடன் புகுந்துவிட்டால் அக்கம்பக்கத்தார் வந்து உட்கார்ந்து ஆறுதல் சொல்வார்கள், இதற்கு விசாரணைதான் நடக்கிறது.

எல்லாவற்றையும்விட என்னை அரித்தது வாடிக்கையாளர்களின் படங்கள். ரவிக்கை தைக்க அளவு அனுப்புவார்கள், சேலை கட்டிப் படம் அனுப்பி "நல்லா இருக்காக்கா?" என்பார்கள். வீட்டு விலாசமும் அதிலேயே இருக்கும். உசிலம்பட்டிப் பக்கத்துப் பெண் ஒருத்தி போன் செய்து, "என் போட்டோ இப்ப யாருகிட்டக்கா இருக்கு?" என்று கேட்டாள். என்ன பதில் சொல்ல? எல்லோருக்கும் ஒளிக்காமல் எழுதி அனுப்பினேன். யாராவது படத்தை வைத்து மிரட்டினால் பணம் கொடுக்க வேண்டாம், பெண்களுக்கு எதிரான இந்த மாதிரிக் குற்றத்தை அதே சைபர் புகார் தளத்தில் புகார் செய்யலாம் என்று சேர்த்துச் சொன்னேன். சிலர் திட்டினார்கள். திட்டியதில் நியாயம் இருக்கிறது.

சாப்பாடு இறங்காமல் போனதும் தங்கைதான் 14416-ஐப் போட்டுக் கொடுத்தாள். டெலி மானஸ், மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய மனநல உதவி எண். எந்நேரமும் எடுக்கிறார்கள், தமிழில் பேசலாம், காசு கிடையாது. பேசிய பெண் ஓடிபி பற்றிக் கேட்கவே இல்லை. எத்தனை மணிக்குத் தூங்குகிறேன், என்ன சாப்பிட்டேன் என்று கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் சொல்லித்தான் பெரியாஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குப் போனேன். வரிசையில் நிற்கும்போது தெரிந்தவர் யாரும் பார்த்துவிடுவார்களோ என்று முந்தானையை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தேன்.

டாக்டர் சொன்னது எனக்குப் பிடிபட்டது. ஆபத்து போன பிறகும் உடம்பு காவலிலேயே நிற்கிறது. பட்டியலைப் பார்த்தால் அப்போதைக்கு நிம்மதி வரும், அந்த நிம்மதிக்காகவே மறுபடி பார்க்கத் தோன்றும், பயம் அப்படியே இருக்கும். அதனால் காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை மட்டும் பார்க்கலாம். நடுவில் தோன்றினால் தள்ளிப்போட வேண்டும். படபடப்பு ஏறி, தானாக இறங்கும்வரை இருக்க வேண்டும். போன் படுக்கையறைக்குள் வரக்கூடாது. மாத்திரை இப்போதைக்கு வேண்டாம் என்றார்.

சொல்வது எளிது. முதல் சில ராத்திரிகளில் ஹாலில் சார்ஜ் போட்டிருக்கும் போனை நோக்கி எழுந்து போய், வீட்டுக்காரர் கூப்பிடத் திரும்பி வந்து படுத்திருக்கிறேன். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைந்தது. ரொம்ப உதவியது ஒரு காகிதம். குறுஞ்செய்திக்குப் பதிலாக ஆப் வழியே குறியீடு வரும்படி இரட்டைச் சரிபார்ப்பை மாற்றி, அவசரத்துக்கான குறியீடுகளைக் கையால் எழுதி பீரோவில் பத்திரங்களோடு வைத்தேன். போன் போனாலும் அதை வைத்து உள்ளே போகலாம். ராத்திரி பயம் வந்தால் மனசுக்குள் அந்தப் பீரோவை நினைத்துக்கொள்வேன்.

மறுபடி படம் போடத்தான் நாளாயிற்று. முகம் இல்லாமல் சேலையை மட்டும் மடித்து வைத்து முதலில் போட்டேன். அப்புறம் உடுத்தியும் போட்டேன். இப்போது ஆர்டர் முடிந்ததும் விலாசத்தையும் அளவையும் அழித்துவிடுகிறேன், படம் அனுப்பவே வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன். திண்டுக்கல் அக்காவின் பணத்தை வங்கி நிறுத்தி வைத்திருக்கிறது. அதை விடுவிக்கக் கேட்டு இந்த மாதம் மனு கொடுக்கிறார், என் புகாரின் நகலையும் ஸ்கிரீன்ஷாட்டுகளையும் அவருக்கு அனுப்பியிருக்கிறேன்.