அரை டிகிரிக்காக ஒரு நீளக் கை

அப்பா சேர்த்து வைத்த கர்நாடக சங்கீத எல்பி இசைத்தட்டுகள் மேல் எனக்கு ஒரு பழைய வழக்கு உண்டு. பெரும்பாலும் கச்சேரி வரிசைப்படியே பதிந்திருப்பார்கள். வர்ணம் வெளி ஓரத்தில் தாராளமாகக் காலை நீட்டி உட்கார்ந்திருக்கும். தில்லானாவும் மங்களமும் லேபிளை ஒட்டி நெருக்கியடித்து நிற்கும். ஊசி அங்கே வந்ததும் பாடகியின் ‘ச’வும் ‘ஸ’வும் எண்ணெயில் கடுகு விழுந்த மாதிரி பொரியத் தொடங்கும்.

தட்டு எப்போதும் நிமிடத்துக்கு 33⅓ சுற்றுதான். ஆனால் வெளி ஓரத்தில் ஊசிக்கு அடியில் நொடிக்கு 51 சென்டிமீட்டர் நீளத்துக்குப் பாட்டு பதிந்த வரி ஓடுகிறது. உள்ளே வரும்போது அது 21 ஆகிவிடுகிறது. அதே ஒரு நொடி சங்கீதத்தைப் பாதிக்கும் குறைவான இடத்தில் மடித்து வைத்திருக்கிறார்கள். அது போதாதென்று கோணப் பிழை வேறு. தட்டை வெட்டும் இயந்திரம் நேர்கோட்டில் நகர்ந்து வெட்டுகிறது. ஊசியைத் தாங்கும் நம் கை, அதாவது டோன்ஆர்ம், ஒரு முனையில் சுழன்று வில் மாதிரி வளைந்து போகிறது. அதனால் ஊசி வரிக்குச் சரியாக நேராக நிற்பது இரண்டே இடங்களில்தான். 1938இல் லோஃப்கிரனும் 1941இல் பேர்வால்டும் போட்ட கணக்கை வைத்து, அந்த இரண்டு இடங்களை நடுவிலிருந்து 66 மி.மீ., 120.9 மி.மீ. என்று இன்றும் வைக்கிறோம்.

கை நீளமானால் வில் கொஞ்சம் நேராகும். 9 அங்குலக் கையில் பிழை அதிகபட்சம் 1.9 டிகிரி வரை போகிறது, 12 அங்குலத்தில் 1.4. வித்தியாசம் அரை டிகிரி. இந்த அரை டிகிரிக்காக ஒரு நல்ல ஸ்கூட்டரின் விலையைக் கொடுத்தேன் என்பதை வீட்டில் இன்னும் முழுசாகச் சொல்லவில்லை.

நண்பர் ஒருவர் தடுத்துப் பார்த்தார். “ஊசிய மாத்துனாப் போதுமுங்க. எதுக்குக் கைய மாத்தறீங்க?” அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. என்னுடையது டெனான் டிஎல்-103 காட்ரிஜ் (ஊசி பொருத்திய சின்னப் பெட்டி), உருண்டை முனை ஊசி. நீள்வட்ட முனையென்றால் உள்வரிகளில் இன்னும் நன்றாக இறங்கும். ஆனால் மிருதங்கத்தின் இடப்பக்கத் தொப்பியின் ஒலியை 103 தருகிற மாதிரி என் காதுக்கு வேறெதுவும் தந்ததில்லை. அதை விடுவதாக இல்லை.

நீளக் கை என்றாலே கனம் கூடும். டிஎல்-103 விறைப்பான ஜாதி, அதற்குக் கனமான கைதான் பொருந்தும். கை, காட்ரிஜை மாட்டும் ஹெட்ஷெல், காட்ரிஜ், திருகாணி எல்லாம் சேர்ந்து ஊசி முனையில் உணரப்படும் கனம் 25 கிராம், காட்ரிஜின் நெகிழ்வு (ஊசி எவ்வளவு வளைந்து கொடுக்கும் என்பதன் எண்) 10 என்று வைத்துக்கொண்டேன். இரண்டையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்து, 159ஐ அதால் வகுத்தால் கை தானாக ஆடும் இயல்பு அதிர்வு ஏறக்குறைய 10 ஹெர்ட்ஸில் நிற்கிறது. 8க்கும் 12க்கும் நடுவில் இருந்தால் நிம்மதி. இதே கையில் நெகிழ்வு 20 உள்ள காட்ரிஜை மாட்டினால் 7க்கு இறங்கிவிடும். நெளிந்த தட்டும் பக்கத்து அறைக் காலடியும் தொல்லை கொடுப்பது அந்தப் பக்கம்தான். அப்படிப்பட்ட காட்ரிஜ் வைத்திருப்பவர்கள் 12 அங்குலம் பக்கம் வராமல் இருப்பதே நல்லது.

டர்ன்டேபிள் கேரார்டு 401. இங்கிலாந்தில் 1965இல் வந்தது. கையும் கிடையாது, மரப்பெட்டியும் கிடையாது, வெறும் மோட்டாரும் தட்டும்தான். அங்கேயும் 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் என்பதால் கோவையில் அப்படியே ஓடுகிறது. கைக்கு 12 அங்குல எஸ்எம்இ 3012ஐத் தேர்ந்தெடுத்தேன், அறுபதுகளில் செய்தது. அழகு ஒரு காரணம், பொய் சொல்லவில்லை. முக்கியக் காரணம் அதன் அடித்தளம். மற்ற கைகளில் காட்ரிஜை ஹெட்ஷெல்லில் முன்னே பின்னே நகர்த்துவோம். இதில் காட்ரிஜ் அசையாது. அடியில் தண்டவாளம் மாதிரி ஒன்று இருக்கிறது, அதன் மேல் மொத்தக் கையும் நகரும்.

வந்து சேர்ந்தபோது பின்பக்க எதிர் எடை வெளவால் மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பிடித்திருக்கும் ரப்பர் வயசாகிச் செத்துவிட்டது. இந்தக் கைகளுக்கு அது வழக்கமான வியாதிதான், விற்றவர் சொல்லியிருக்கலாம். புது ரப்பர் வரவழைக்க ஒரு மாதம் ஆனது.

அந்த ஒரு மாதத்தில் பெட்டி தயாரானது. தட்டை மாட்டும் நடுக்கம்பியான ஸ்பிண்டிலின் நடுவிலிருந்து கை சுழலும் மையத்துக்கு 295.6 மி.மீ. இருக்க வேண்டும். படம் வரைந்து ஆசாரியிடம் கொடுத்தேன். பழைய வீட்டு நிலைக்கதவுத் தேக்கு. மனுஷர் இழைப்பதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். ஆனால் துளை இரண்டு மில்லி தள்ளி விழுந்துவிட்டது. முகம் போன போக்கைப் பார்த்து அவரே சொன்னார்: “ஏனுங் சார், பாயிண்ட் ஆறெல்லாம் மரத்துல நிக்குமுங்களா? மழை பேஞ்சா அதுவே ரெண்டு மில்லி ஊதுமுங்க.” பதில் சொல்ல முடியவில்லை. வேறு கையாக இருந்தால் பலகையைத் தூக்கிப் போட வேண்டியதுதான். இதில் தண்டவாளத்தில் இரண்டு மில்லி தள்ளினேன், முடிந்தது.

ஊசி தட்டை அழுத்தும் எடை 2.5 கிராம், சின்ன டிஜிட்டல் தராசில் பார்த்து வைத்தேன். கையின் உயரத்தை, தட்டுக்குச் சமமாகக் கண்ணாலேயே பார்த்து இறுக்கினேன். இதில் நீளக் கை ரொம்பச் சாது. ஒரு மில்லி ஏறினாலும் இறங்கினாலும் கோணம் 0.2 டிகிரிகூட மாறுவதில்லை.

அப்புறம்தான் ஊசியின் கோணத்தைச் சரிபார்க்கும் கோணத்தாள். வருடக்கணக்காக நான் வைத்திருக்கும் அட்டை. அதைத் தட்டில் மாட்டி, ஊசியை 66 மி.மீ. புள்ளியில் இறக்கி, காட்ரிஜின் பக்கமும் கோடும் இணையாக வரும்வரை கையை நகர்த்தினேன். சரியாக வந்தது. அட்டையை எடுத்துத் திரும்ப மாட்டிப் பார்த்தேன். வரவில்லை. மறுபடி நகர்த்தினேன், வந்தது. எடுத்து மாட்டினேன், போய்விட்டது. ராத்திரி பதினொன்றரை வரை இந்தக் கூத்து நடந்தது. கையின் தாங்கியைச் சந்தேகப்பட்டேன், ஆசாரியைச் சந்தேகப்பட்டேன், கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன். கடைசியில் அட்டையை விரலால் தொட்டபோது அது ஸ்பிண்டிலைச் சுற்றி லேசாக ஆடியது.

நடுத்துளையை எப்போதோ கத்தரிக்கோல் முனையால் குடைந்திருக்கிறேன். அளந்தேன்: 9 மி.மீ. ஸ்பிண்டில் 7க்குச் சற்று மேல். ஒரு பக்கமாக ஒதுங்கினால் முக்கால் மில்லிக்குமேல் விலகும். 66 மி.மீ. தூரத்தில் அது ஏறக்குறைய முக்கால் டிகிரி. நான் காசு கொடுத்து வாங்கிய அரை டிகிரியைவிட அதிகம்.

மறுநாள் பீளமேட்டில் ஒரு லேத் பட்டறையில் அக்ரிலிக் துண்டில் இறுக்கமான துளை போட்டு வாங்கினேன். கோட்டைக் குண்டூசியால் கீறி, மார்க்கர் தேய்த்துத் துடைத்தேன். கால் மணி நேரத்தில் கை நின்றுவிட்டது. எத்தனை முறை எடுத்து மாட்டினாலும் அதே இடம். அன்று மாலை அப்பாவின் தட்டில் மங்களம் வந்தபோது ‘ச’ வெறும் ‘ச’வாகத்தான் இருந்தது.

ஆனால் பழைய 9 அங்குலக் கையையும் இத்தனை வருடமாக அந்த ஓட்டை அட்டையை வைத்துத்தான் பொருத்தியிருந்தேன். அது இப்போது பரணில், பழைய வேட்டியில் சுற்றிக் கிடக்கிறது. இறக்கி, அக்ரிலிக் துண்டை வைத்துப் பொருத்தி, அதே மங்களத்தைப் போட்டுக் கேட்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். நான்கு ஞாயிறு போய்விட்டது, இன்னும் ஏணியை எடுக்கவில்லை.