சைக்கிளுக்குப் பதிவு எண் கேட்டார்கள்

பெட்ரோல் செலவைத் திரும்பக் கேட்கும் கம்பெனிப் பக்கத்தில் இரண்டே வகை வண்டிகள்தான் இருந்தன: கார், டூ வீலர். நம்ம வண்டிக்கும் இரண்டு சக்கரம்தானே என்று டூ வீலரைத் தட்டினேன். உடனே பதிவு எண் கேட்டது. கட்டத்தைச் சும்மா விட்டால் மேலே நகர மாட்டேன் என்றது. சைக்கிளுக்கு ஏது பதிவு எண்? 2024 ஜூலையில் இப்படித் தொடங்கிய சோலி 2025 அக்டோபரில்தான் ஒரு மாதிரியாக முடிந்தது. சைக்கிளில் வேலைக்குப் போகிறவருக்கு வரிச் சலுகை கேட்பது நியாயமா, அதனால் யாராவது சைக்கிளுக்கு மாறுவாரா என்ற கேள்வியும் அதற்குள் என்னோடு ஒட்டிக்கொண்டது.

நான் சைக்கிளுக்கு வந்ததில் பெரிய லட்சியம் எதுவும் இல்லை. பைக் எஞ்சின் ஜாம் ஆகி மெக்கானிக் பத்து நாள் கேட்டார். வீட்டில் மகளுக்குப் பதினோராம் வகுப்பில் அரசு கொடுத்த விலையில்லா மிதிவண்டி சும்மா நின்றது. அவள் வேனில் போகிறாள். சரி, பத்து நாள்தானே என்று எடுத்தேன். முன்னால் கூடை வைத்த லேடீஸ் சைக்கிள். நெல்லையின் கிழக்கே உள்ள கே.டி.சி. நகரிலிருந்து மேற்கே டவுன் வரை எட்டு கிலோமீட்டருக்கு மேல். முதல் மூன்று நாள் தொடை விட்டுப்போனது. இரண்டாம் வாரம் பைக் தயாரான பிறகும் அதை எடுக்க மனசு வரவில்லை.

ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாக இறங்கி வரும் மேல்காற்றைப் பற்றி நெல்லைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காலையில் சுலோச்சனா முதலியார் பாலத்தில் ஏறியதும் சட்டை நெஞ்சோடு ஒட்டிக்கொள்ளும், சீட்டிலிருந்து எழுந்து நின்று மிதித்தால்தான் வண்டி நகரும். ஈரடுக்கு மேம்பாலத்தின் கீழ்த்தளத்துக்குள் நுழைந்தால் நிழல். பஸ் எல்லாம் மேல்தளத்தில் போய்விடும். சாயங்காலம் அதே காற்று முதுகில் கைவைத்துத் தள்ளிக்கொண்டு வந்து வீட்டில் விடும். எங்கள் ஆபீஸ் காவலாளி அண்ணாச்சி டவுனுக்கும் மேற்கே இருக்கும் சுத்தமல்லியிலிருந்து சைக்கிளில் வருகிறவர். அவருக்கு எல்லாம் தலைகீழ்: காலையில் காற்று தள்ளிவிடும், பன்னிரண்டு மணி நேரம் நின்று களைத்துத் திரும்பும்போது எதிர்க்காற்று.

பதிவு எண் விஷயத்துக்கு வருகிறேன். டீலர்களைப் பார்க்கப் போகிறவர்களுக்கு எங்கள் நிறுவனம் மாதம் 1,500 ரூபாய் வரை பெட்ரோல் பில்லுக்குக் கொடுக்கும். ஜங்ஷன், வண்ணார்பேட்டை, டவுன் என்று அதே டீலர்களைத்தான் இப்போது சைக்கிளில் போய்ப் பார்த்தேன். டயர், ட்யூப், செயின் மாற்றிய பில்லை வைத்துக் கேட்டால், பெட்ரோல் பில் இல்லாமல் பணம் கிடையாது என்று தலைமை அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. பெட்ரோலை எரித்தால் பணம், எரிக்காவிட்டால் கிடையாது.

இத்தனைக்கும் எங்கள் தாத்தா சைக்கிளுக்கு எண் இருந்தது. அந்தக் காலத்தில் சைக்கிளுக்கு வருஷா வருஷம் வரி கட்டி வில்லை வாங்கி மாட்ட வேண்டும். தாத்தாவின் வில்லை ஒன்று ஆச்சியின் தகரப்பெட்டியில் ரொம்ப நாள் கிடந்தது. விளிம்பு மழுங்கிய அலுமினியத் தகடு, நடுவில் எண் குத்தியிருக்கும். ஆற்றாமையில் ஒரு நாள் அந்த எண்ணையே கட்டத்தில் அடித்துப் பார்த்தேன். எழுத்துகள் போதவில்லை என்றது கம்ப்யூட்டர்.

பாளையங்கோட்டையில் தெரிந்த ஆடிட்டர் ஒருவரிடம் போனேன். அப்போது நடப்பிலிருந்த வருமான வரி விதிகளில் 3-ஆவது விதியை எடுத்துக் காட்டினார். ஊழியர் தன் சொந்த வண்டியை ஆபீஸுக்கும் சொந்த உபயோகத்துக்கும் சேர்த்து ஓட்டி, அதன் செலவை நிறுவனம் கொடுத்தால், மாதம் இவ்வளவு வரை வரி இல்லை. 1.6 லிட்டருக்கு உட்பட்ட எஞ்சின் கொண்ட கார் என்றால் 1,800 ரூபாய். கார் அல்லாத மற்ற வண்டிக்கு 900.

"அந்த மற்ற வண்டியில சைக்கிள் வராதா அண்ணாச்சி?"

"வராது தம்பி. மோட்டார்ல ஓடுத வண்டின்னு போட்டிருக்கான். நீங்க கால்ல மிதிக்கிய."

கம்பெனி மனசு மாறி 1,500 ரூபாயைக் கொடுத்தாலும் மொத்தத்துக்கும் வரி உண்டு என்பது இதன் பொருள். எவ்வளவு நஷ்டம் என்று அவரே காகிதத்தில் போட்டார். 900 ரூபாய் 12 மாதத்துக்கு 10,800. என் சம்பளம் வருஷத்துக்கு 9 லட்சத்தை ஒட்டி. புதிய வரி முறையில் எனக்கு 10 சதவீத வரி, அதன் மேல் 4 சதவீத செஸ். ஆக 1,123 ரூபாய். காகிதத்தை என் பக்கம் திருப்பிவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பணம் சின்னதுதான். ஆனால் விதியில் காருக்கு ஒரு வாசகம், பைக்குக்கு ஒரு வாசகம் எழுதியவருக்குச் சைக்கிள் கண்ணில் படவே இல்லை என்பது உறுத்தியது.

இன்னொரு வழி இருக்கிறது என்றும் அவரே சொன்னார். வீட்டிலிருந்து வேலைக்கு வந்து போக நிறுவனமே வண்டி கொடுத்தால் அது ஊழியர் பெற்ற சலுகையாகக் கணக்கில் வராது. வருமான வரிச் சட்டத்தின் 17-ஆவது பிரிவில் அந்த இடத்தில் 'எந்த வாகனமும்' என்றுதான் இருக்கிறதாம், மோட்டார் என்ற சொல்லே இல்லை. கம்பெனியையே சைக்கிள் வாங்கித் தரச் சொல்லுங்கள் என்றார்.

கடிதம் எழுத உட்கார்ந்தேன். வலுச் சேர்க்க வெளிநாட்டு உதாரணம் தேடினால், பாதி உதாரணங்கள் எனக்கு எதிராகவே பேசின. பிரிட்டனில் 1999-லிருந்தே ஒரு திட்டம் உண்டு: நிறுவனம் சைக்கிளை வாங்கிக் கொடுக்கும், அதற்கான தொகையை வரிக்கு முந்தைய சம்பளத்தில் பிடித்துக்கொள்ளும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பிடித்தம் போகக் கையில் வருவது சட்டப்படியான குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே போகக்கூடாது என்பதால், அந்தக் கூலி வாங்குகிறவர் இதில் சேரவே முடியாது. சுயதொழில்காரருக்கும் இடமில்லை. கூடுதல் வரி கட்டுகிறவருக்குக் கூடுதல் லாபம். அமெரிக்காவில் 2009-லிருந்து நிறுவனங்கள் மாதம் 20 டாலர் வரை சைக்கிள் செலவை வரியில்லாமல் கொடுக்கலாம் என்றிருந்தது. 2018-இல் அதை நிறுத்தி வைத்தார்கள், 2025-இல் ஒரேயடியாக எடுத்தே விட்டார்கள். கார் நிறுத்தும் செலவை நிறுவனம் கொடுத்தால் ஊழியருக்கு ஒரு வரம்பு வரை வரியில்லை என்பது இன்னும் இருக்கிறது. பெல்ஜியம்தான் எனக்குப் பிடித்தது. அங்கே சைக்கிளின் விலையைப் பார்ப்பதில்லை. வேலைக்கு மிதித்து வரும் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று நிறுவனம் கொடுக்கலாம், ஒரு வரம்பு வரை வரி கிடையாது. அந்தக் கணக்கில் சுத்தமல்லி அண்ணாச்சியின் கறுப்புச் சைக்கிளும் நாற்பதாயிரம் ரூபாய் கியர் சைக்கிளும் ஒன்றுதான்.

கடிதத்தை அனுப்பும் முன் அந்தக் காவலாளி அண்ணாச்சியிடம் விஷயத்தைச் சொன்னேன். கேட்டைத் திறந்து ஒரு காரை விட்டுவிட்டு வந்து கேட்டார்: "இதுல எனக்கு என்ன குறையும் தம்பி?"

ஒன்றுமில்லை. அவர் வருமான வரி கட்டுகிற சம்பளத்திலேயே இல்லை. போதாக்குறைக்கு அவர் எங்கள் நிறுவன ஊழியரும் அல்ல, ஒப்பந்தக்காரர் வழியாக வருகிறவர். இருபது வருஷத்துக்கு மேலாக வெயிலிலும் காற்றிலும் மிதித்து வருகிறவருக்குச் சல்லிக்காசு கிடையாது. ஆசைக்குச் சைக்கிள் எடுத்த எனக்குத்தான் சலுகை, அதுவும் மகளுக்கு அரசு இலவசமாகக் கொடுத்த சைக்கிளில் வந்துகொண்டு. வருமான வரியில் சைக்கிளுக்குக் கழிவு கேட்பது நியாயமா என்று கேட்டால், அன்றிலிருந்து என்னால் ஆமாம் என்று சொல்ல முடியவில்லை. பைக்குக்கு உள்ளதைச் சைக்கிளுக்கும் கொடு என்று கேட்கலாம். ஏழைக்கு உதவி என்ற பெயரில் மட்டும் அதைக் கேட்கக்கூடாது.

இருந்தாலும் கடிதத்தை அனுப்பினேன். பதில் இல்லை. நினைவூட்டினேன். பட்ஜெட் முடியட்டும் என்றார்கள். 2025 பிப்ரவரி 1 பட்ஜெட்டில் புதிய முறையில் 12 லட்சம் வரை வரியே இல்லை என்று ஆனது. ஆடிட்டர் போனில் சொன்னார்: "ஏப்ரலிலிருந்து உங்களுக்கு வரியே இல்லையே தம்பி, எதுல கழிக்கப் போறிய?" அந்த 1,123 ரூபாயும் பூஜ்யமாகிவிட்டது. நெல்லையில் சைக்கிளில் வேலைக்குப் போகிறவர்களில் 12 லட்சத்துக்கு மேல் வாங்குகிறவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். இங்கே வருமான வரிச் சலுகை கொடுத்து யாரைச் சைக்கிளில் ஏற்றுவது?

ஜி.எஸ்.டி. வேறு மாதிரி. அது கடைக்கு வருகிற எல்லோரையும் தொடும். 2017-லிருந்து சைக்கிளுக்கு 12 சதவீதம் இருந்தது, 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம். அன்றைக்கு நவராத்திரித் தொடக்கம். விலை கேட்கப் போகிற வழியில் ஒரு பைக் ஷோரூமில் வாழை கட்டி, உட்கார இடமில்லாத கூட்டம். 350 சிசி வரை பைக்குகளுக்கு 28-லிருந்து 18 ஆகியிருந்தது. வரிக்கு முன் 80,000 ரூபாய் பைக்கில் 8,000 குறைகிறது. சைக்கிள் கடையில் ஆளில்லை. கடைக்கார அண்ணாச்சி ரிம்மில் கோட்டம் எடுத்துக்கொண்டே கணக்குச் சொன்னார்: வரியோடு 14,000 ரூபாய் இருந்த சைக்கிள் இப்போது 13,125. அடிப்படை விலை 6,000 உள்ள சாதா சைக்கிளில் மிச்சம் 420. 40,000 உள்ளதில் 2,800. இங்கேயும் விலை கூடினால் லாபம் கூடத்தான் செய்கிறது, ஆனாலும் 420 ரூபாய் வாங்குகிறவர் கைக்கு வருகிறது, ஃபாரம் கிடையாது, பதிவு எண் கிடையாது. இந்தக் குறைப்பு நியாயம்தான். இதனால் ஒருவர் பைக்கை விட்டுச் சைக்கிளுக்கு வருவாரா என்றால், வரமாட்டார். அதே நாளில் பைக்குக்கு அதைவிடப் பெரிதாகக் குறைத்தாயிற்றே.

அக்டோபரில் எப்படியோ அனுமதி வந்தது. கிளைக்கு நான்கு சைக்கிள்கள், கம்பெனி பெயரில் பில். மாதம் 1,500 போனது போனதுதான். காவலாளி அண்ணாச்சிக்கும் ஒன்று கேட்டேன். ஒப்பந்தக்காரரிடம் பேசச் சொன்னார்கள். ஒப்பந்தக்காரர் போனை எடுக்கவில்லை. ஐந்தாவதாக ஒரு காற்றடிக்கும் பம்பை மட்டும் பில்லில் சேர்த்து, அதை அவர் கூண்டில் வைத்தோம்.

சைக்கிள்கள் வந்த மறுநாள் நிர்வாகத்திலிருந்து ஒரு பையன் வந்து, ஒவ்வொரு சீட்டுக்கும் கீழே சின்னத் தகடு ஒன்றை ஒட்டிவிட்டுப் போனான். கம்பெனிச் சொத்து, எண் இத்தனை. அண்ணாச்சி குனிந்து அதைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார்.

"திரும்பவும் வில்லை போட்டுட்டானுவளா? வரி எவ்வளவாம்?"