பின்பனியில் கோத்தகிரிச் சோலைகள்

பறவை பார்க்க மலைக்கு எப்போது போகலாம் என்று யார் கேட்டாலும் மாசி, பங்குனி என்றுதான் சொல்வேன். டிசம்பரில் போனால் வலசை வந்த பறவைகள் நிறைய இருக்கும், ஆனால் உள்ளூர்ப் பறவைகள் பெரிதாக வாய் திறக்காது. மே மாதத்திலோ வந்தவை எல்லாம் வடக்கே போயிருக்கும். நடுவில் உள்ள இந்தச் சில வாரங்களில்தான் ஊருக்குக் கிளம்பும் பறவையையும் கூடு கட்டப்போகும் பறவையையும் ஒரே பாதையில், ஒரே காலையில் பார்க்கலாம். இந்த முறை கோத்தகிரி லாங்வுட் சோலையிலும் அதைச் சுற்றியுள்ள மேடுகளிலும் எங்களுக்கு அது வாய்த்தது.

விடிவதற்கு முன்பே நடக்க ஆரம்பித்துவிட வேண்டும். அந்த நேரத்தில் பைனாகுலருக்கு வேலை இல்லை, எல்லாம் காதுக்குத்தான். முதலில் கேட்டது சீகாரப் பூங்குருவி. பாதி மறந்துபோன பாட்டை யாரோ சீட்டியடித்துக்கொண்டே போவது போல, ஓடைச் சத்தத்தையும் மீறி, நிறுத்தி நிறுத்தி வந்துகொண்டிருந்தது. வெளிச்சம் வந்தபின் பார்த்தால் பாறைமேல் வெறும் கறுப்பாக உட்கார்ந்திருக்கிறது, வெயில் பட்டதும் தோளிலும் நெற்றியிலும் பளீரென்று நீலம்! அதிகாலையில் காற்று அசையாது, இரை தேடவும் வெளிச்சம் போதாது, பாடுவதற்கு அதைவிடத் தோதான நேரம் ஏது? டிசம்பர் கடைசியிலிருந்து மார்ச் கடைசிக்குள் நம் பக்கம் பகல் ஏறக்குறைய முக்கால் மணி நேரம்தான் நீள்கிறது. அவ்வளவு சின்ன மாற்றத்தையும் வெப்பமண்டலப் பறவைகளில் சில உணர்ந்துகொள்கின்றன என்று ஆய்வில் கண்டிருக்கிறார்கள். எனக்கு இது இன்றைக்கும் ஆச்சரியம்தான்.

சோலைக்குள் மரங்கள் செந்தளிர் விட்டிருந்தன. கருப்பு ஆரஞ்சு ஈப்பிடிப்பானைத் தேடி அண்ணாந்து பார்க்க வேண்டியதில்லை, முழங்கால் உயரக் குச்சியிலேயே உட்கார்ந்திருக்கும். தலையும் இறக்கையும் கறுப்பு, மற்றதெல்லாம் ஆரஞ்சு. குரல் மட்டும் பூச்சி இரைவது மாதிரி அவ்வளவு மெல்லியது, பழகாத காது கவனிக்காமலே கடந்துவிடும். நீலகிரி சிரிப்பான்களைப் பற்றி அந்தக் கவலை இல்லை, அவை கூட்டமாகக் கத்துவதிலேயே இடம் தெரிந்துவிடும்.

ஓடையைத் தாண்டும் இடத்தில் ஒரு சாம்பல் வாலாட்டி. குளிர்காலம் முழுக்க வெளுத்திருக்கும் ஆண் பறவையின் தொண்டையில் இப்போது கறுப்புப் புள்ளிகள் எட்டிப் பார்க்கின்றன. இமயமலைப் பக்கமோ அதற்கும் அப்பாலோ போய்ச் சேர்வதற்குள் தொண்டை முழுக்கக் கறுத்துவிடும். வாலை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டு, ஈரக் கல்லில் பூச்சி கொத்திக்கொண்டிருந்த அதைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றுவிட்டோம். காஷ்மீர் ஈப்பிடிப்பானும் இப்படித்தான், குளிர்காலத்தை நீலகிரியிலும் இலங்கை மலைகளிலும் கழித்துவிட்டு இந்தச் சமயத்தில் கிளம்பும். ஆணின் ஆரஞ்சுத் தொண்டையை ஓரம் கட்டியிருக்கும் கறுப்புக் கோட்டை வைத்து அடையாளம் கண்டுகொள்ளலாம். எங்களுக்கு இந்த முறை அது கிடைக்கவில்லை.

அப்புறம் ஒரு விஷயம், இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். நீலகிரி சோலைக்கிளியை வெளியே வரவழைக்கப் போனில் அதன் பாட்டைப் போட்டுக் காட்டுகிறார்கள். கிளி என்று பேர் இருந்தாலும் அது தரையோரம் திரியும் சின்ன நீலக் குருவி. பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே உள்ள உயரமான சோலைகளில் மட்டுமே இருக்கிறது, தெற்கே இருப்பது வேறு இனம். இந்த இரண்டையும் சேர்த்துத் தனிப் பேரினம், அதாவது நெருங்கிய இனங்களின் தனித் தொகுதி என்று வகைப்படுத்தியதே 2017இல்தான். இருக்கும் இடமே இவ்வளவு குறுகலானது, அதில் இணை சேர்ந்து எல்லை பிடிக்கும் நேரத்தில் போனில் வரும் பாட்டை இன்னொரு பறவை என்று நம்பவைத்து, இல்லாத எதிரியைத் தேடி அதை அலையவிடுவது அநியாயம். நிழலான மேட்டில் பேசாமல் அரை மணி நேரம் உட்காருங்கள், தானாக வரும். எங்களுக்கு அப்படித்தான் வந்தது. இலையைப் புரட்டிப் புரட்டி எதையோ கொத்தித் தின்றுவிட்டுப் புதருக்குள் போய்விட்டது.

திரும்பும் வழியில் கூட வந்த காவலர் சட்டென்று கையை நீட்டித் தடுத்தார். "காட்டுமாடு நிக்குது சார், அதுவா போகட்டும்." போகும்வரை நின்றோம். அதிகாலையில் பாதை வளைவுகளில் நிதானம் வேண்டும், பறவைமேல் கண்ணை வைத்துக்கொண்டே நடக்கக் கூடாது.

ஒன்பது மணிக்கெல்லாம் சத்தம் அடங்க ஆரம்பித்துவிடும். போக நினைப்பவர்கள் வனத்துறை அனுமதியை முன்கூட்டியே கேட்டு வாங்கி வைத்துக்கொண்டு, மார்ச் முடிவதற்குள் போய்விடுங்கள்.