ஊசி போட்ட அன்றைக்கு வலியைத் தேடிப் போனேன்

எனக்கு வலி இடுப்புக்குச் சற்று மேலே, இடப்பக்கம். கரும்பலகையின் மேல்வரியில் எழுதக் கையை உயர்த்தினால் பிடிக்கும். பின்னால் சரிந்தாலும் கட்டிலில் கிறுகிப் படுத்தாலும் அதே கதைதான். குனிந்தால் கொஞ்சம் சுகம். சில நாள் தொடைவரை இறங்கும், முழங்காலைத் தாண்டாது. சித்தாலேப, பெனடோல், பிசியோ பயிற்சி எல்லாம் பார்த்தாயிற்று. எம்.ஆர்.ஐ.யில் 'தேய்மானம்' என்று வந்தது. "இந்த வயதில் வலியே இல்லாத ஆளுக்கும் இப்படித்தான் எழுதி வரும் டீச்சர்" என்றார் டொக்டர்.

முள்ளந்தண்டின் பின்பக்கத்தில் ஒவ்வொரு மட்டத்திலும் இரு புறமும் ஃபெசெட் மூட்டு என்று சின்ன மூட்டுகள் இருக்கின்றன. அவருடைய சந்தேகம் அதில்தான். அது நோகிறதா இல்லையா என்று படம் சொல்லாது. அந்த மூட்டின் வலியைக் கொண்டுபோகும் மெல்லிய நரம்புக் கிளைகளை மரக்கவைத்துப் பார்க்க வேண்டும், எந்தச் சுவிட்ச் எந்த அறைக்கு என்று ஒவ்வொன்றாக அணைத்துப் பார்ப்பதுபோல. ஒரு மூட்டுக்கு இரண்டு கிளை. எனக்கு அடியில் உள்ள இரண்டு மூட்டுகளில் சந்தேகம். நடுக்கிளை இரண்டுக்கும் பொது என்பதால் மூன்று இடத்தில் ஊசி.

காலையில் வலிக்குளிசை போடக்கூடாது என்றார்கள். இரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்கள் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். வயிற்றுக்குக் கீழே தலையணை வைத்துக் குப்புறப் படுக்கவைத்தார்கள். மேலே வளைந்த எக்ஸ்ரே மெஷின். தோலை மரக்கவைக்கும் முதல் ஊசிதான் எரிந்தது. அதற்குப் பிறகு உள்ளே ஒரு அழுத்தம், எலும்பில் முட்டுவது போல. ஒரு இடத்துக்கு அரை மில்லிலீட்டர் அளவுதான் மருந்து. மயக்கம் தரமாட்டீர்களா என்று கேட்டேன். மயக்க மருந்தே வலியைக் குறைத்துவிட்டால் பரிசோதனை கெட்டுவிடும் என்றார்.

எனக்குப் புதிதாக இருந்தது அதற்குப் பிறகு வந்ததுதான். "வீட்டுக்குப் போய்ப் படுக்கவேண்டாம். எதைச் செய்தால் நோகுமோ அதையெல்லாம் செய்யுங்க, அரை மணிக்கு ஒருக்கா எழுதுங்க" என்றார் நேர்ஸ் மிஸ். தந்த படிவத்தில் தமிழ் இல்லை. கொப்பியில் நானே கோடு போட்டுக்கொண்டேன்: நேரம், செய்த வேலை, வலி பத்துக்கு எத்தனை.

மச்சான் ஓட்டோவில் கூட்டிவந்தார். அன்றைக்கு மோட்டார் சைக்கிள் ஓடக்கூடாது, கால் கொஞ்ச நேரம் பாரமாக இருக்கலாம். வந்ததும் கொடியில் உடுப்புக் காயப்போட்டேன். அலுமாரிக்கு முன் நின்று, மேல் ஓரத்தில் விரலால் அ, ஆ எழுதிப் பார்த்தேன். ஏழில் இருந்த வலி ஒன்றுக்கு வந்திருந்தது. மாமிக்குப் பொறுக்கவில்லை. "ஊசி போட்டவள் படுக்காமல் என்ன கூத்து கா இது!" மறுகா கல்லடிப் பாலத்தை நடந்தே கடந்தேன். ஒன்று, ஒன்று, இரண்டு. அந்தி படுமுன் நான்கு, படுக்கும்போது பழைய ஏழு.

பக்கத்து வீட்டு அக்கா, "அப்ப ஊசி சரிவரல்லையா?" என்று இரக்கப்பட்டா. போட்டது லிடோகெயின் என்ற மரக்கவைக்கும் மருந்து, சில மணித்தியாலம்தான் நிற்கும், இது வைத்தியம் இல்லை, சோதனை என்று அவவுக்கு விளக்கியதில் பாதித் தேத்தண்ணி ஆறிவிட்டது. வலி திரும்பி வந்ததும் சோதனையின் ஒரு பகுதிதான்.

பிறகொரு நாள் அதே இடங்களில் இன்னொரு தடவை, இந்த முறை பியூபிவகெயின் என்ற வேறொரு மரக்கவைக்கும் மருந்து. நம்பிக்கையாலேயே ஒருமுறை வலி குறைந்துவிடலாம், அதனால் இரண்டாவது தடவையும் பார்ப்பார்களாம். அது முந்தியதைவிடக் கூடுதல் நேரம் நின்றது. கொப்பியை டொக்டர் வரி வரியாகப் பார்த்தார். 80 வீதத்துக்கு மேல் குறைந்தால்தான் அவர் கணக்கில் எடுப்பாராம். பாதி குறைந்தாலே போதும் என்று வைப்பவர்களும் உண்டு.

அடுத்தது ரேடியோ அலைச் சூட்டில் அந்தக் கிளைகளைச் சுடுவது. ஊசி நுனியில் 80 பாகை செல்சியஸ் அளவு சூடு. ஆறு மாதம், ஒரு வருசம், சிலருக்கு அதைவிடவும் சுகம் கிடைக்கும். நரம்பு திரும்ப வளர்ந்தால் வலியும் வரலாம், அப்போது மறுபடி செய்யலாம். சுட்ட பிறகு சில நாள் புண் போல நோகும் என்று சொல்லியிருப்பதால் தவணை விடுமுறையில் திகதி கேட்டிருக்கிறேன்.