சோலைப்பாசிக் குறிப்புகள்

அக்டோபர் 12

பழனிமலைச் சோலைக்குள் காலை ஏழு மணிக்கே நுழைந்துவிட்டோம். மழை நின்றும் மரங்கள் சொட்டிக்கொண்டிருந்தன. வனத்துறை அனுமதித்த அளவுதான்: இடத்துக்கு ஒரு சிட்டிகைப் பாசி, அவ்வளவே.

மூன்று உறைகள். மூன்றுமே பிளேஜியோம்னியம் என்ற பாசிப் பேரினம். ஓடைப் பாறையில் எடுத்த முதலாவதில் இலை ஏழு மில்லிமீட்டர், கண்ணாடி போல ஒளி ஊடுருவுகிறது. மரவேரில் கிடைத்த இரண்டாவதில் நான்குதான், நுனி சுருண்டிருக்கிறது. மட்கிய கட்டையில் இருந்த மூன்றாவது, அச்சாக முதலாவதைப் போலவே இருந்தது. முதல் இரண்டும் வெவ்வேறு இனம் என்று உடன் வந்த காவலர் அண்ணன் அடித்துச் சொன்னார். எனக்கும் அப்படித்தான் பட்டது.

கொடைக்கானல் அருகே செண்பகனூரில் வாழ்ந்த பிரெஞ்சுப் பாதிரியார் ஃபோரோ இந்த மலையின் பாசிகளைப் பட்டியலிட்டு 1961இல் வெளியிட்டார். ஃபோரோயெல்லா என்ற பாசிப் பேரினம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. இந்த ஈரத்தில் நின்று பார்த்தால்தான் அந்த உழைப்பின் கனம் தெரிகிறது.

அக்டோபர் 15

ஒரே இனமா, வேறா என்று நொதிகளை ஒப்பிட்டுப் பார்க்கப் பாசியிலிருந்து சாறு எடுத்தேன். முதல் சாறு பாழ். பாசியை அரைத்ததுமே ஃபீனால் பொருட்கள் நொதிகளைப் பற்றிக்கொண்டு தேநீர் நிறமாகிவிட்டன. பனிக்கட்டி மேல் உரலை வைத்து, ஃபீனாலைப் பிடித்துக்கொள்ளும் பாலிவினைல் பைரோலிடோன் சேர்த்து மறுபடி அரைத்ததில் தெளிந்தது.

சாற்றை ஜெல்லில் மின்சாரத்தால் ஓட்டி, பெராக்சிடேஸ் என்ற நொதி பட்டைகளாகத் தெரியச் சாயமிட்டபோது வேர்ப்பாசியில் ஐந்து பட்டைகள், பாறைப்பாசியில் மூன்று. இரண்டும் வேறுதான் என்று மகிழ்ந்துபோனேன். இரவு படுத்தபிறகுதான் உறைத்தது: செடி காய்ந்து வாடினாலே பெராக்சிடேஸ் மாறும். நான் பார்த்தது இனத்தையா, வறட்சியையா? மூன்றையும் ஒரே தட்டில், ஒரே ஈரத்தில், ஒரே வெளிச்சத்தில் வளர்க்கப் போகிறேன்.

டிசம்பர் 3

ஏழு வாரம் ஆயிற்று. வேர்ப்பாசியின் புதிய இலைகள் ஆறு மில்லிமீட்டரைத் தொட்டுவிட்டன, சுருளும் இல்லை. விளிம்புப் பற்களிலும் ஓரச் செல் வரிசைகளிலும் பாறைப்பாசியோடு எந்த வேறுபாடும் காணவில்லை. பெராக்சிடேஸ் பட்டைகளும் ஒன்றாகிவிட்டன.

டிசம்பர் 5

இன்று பாஸ்போகுளுக்கோஸ் ஐசோமரேஸ். வறட்சிக்கு எளிதில் அசையாத நொதி என்பதால் இதை நம்புகிறேன். பசுங்கணிகத்துக்கு உரிய பட்டை மூன்று பாசிகளிலும் ஒரே இடத்தில் நின்றது. சைட்டோபிளாசத்துக்கு (செல்லின் உள்நீர்மத்துக்கு) உரியது முதல் இரண்டிலும் ஒற்றைப் பட்டை, அதுவும் ஒரே உயரத்தில். மூன்றாவதிலோ மூன்று பட்டைகள்!

ஜெல்லைக் கையில் ஏந்தியபடி வெகுநேரம் நின்றேன். பாசியின் பச்சை உடல் பொதுவாக ஒற்றைமடியம், அதாவது குரோமோசோம்கள் ஒரே தொகுதிதான். ஒரு மரபணுவுக்கு ஒரு வடிவம்தான் இருக்க முடியும். இந்த நொதியோ இரண்டு துணை அலகுகள் இணைந்து உருவாவது. இரு வடிவங்கள் ஒரே செடியில் இருந்தால், தனித்தனியே இரண்டும் கலப்பாக ஒன்றுமாக மூன்று பட்டைகள் வரும். மூன்றாவது பாசியில் தனித்தனித் தண்டுகளாகப் பன்னிரண்டை ஓட்டினேன், பன்னிரண்டிலும் மூன்றே. அப்படியானால் இதற்குள் இரண்டு மரபணுத்தொகுதிகள் இருக்கலாம். பிளேஜியோம்னியம் மீடியம் என்ற இனம் இன்சிக்னே, எலிப்டிகம் என்ற இரண்டின் கலப்பில் பிறந்தது என்பதை 1988இல் இத்தகைய நொதிப் பட்டைகளைக் கொண்டுதான் நிறுவினார்கள்.

டிசம்பர் 6

மீடியத்தின் தாய் தந்தை இனங்களில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. மீடியத்தில் ஆண், பெண் உறுப்புகள் இரண்டும் தண்டு நுனியில் உள்ள ஒரே தலையில். நான் அளந்ததெல்லாம் இலையைத்தான். தலையைப் பிரித்துப் பார்க்கவே இல்லை. உலரவைத்த உறைகளைத் திறந்து நீரில் நனைத்தேன். முதல் இரண்டு உறைகளின் தலைகளில் பெண் உறுப்புகள் மட்டும். மூன்றாவது உறையில் ஐந்து தலைகளைப் பிரித்தேன். ஐந்திலும் ஆணும் பெண்ணும் அருகருகே இருந்தன.