பழைய காருக்குப் பெட்ரோல் பம்ப்: ஒர்க் ஷாப் நாட்குறிப்பு

பிப்ரவரி 3

1950-களின் நான்கு சிலிண்டர் கார், ஒற்றை எஸ்யு கார்புரேட்டர் (பெட்ரோலைக் காற்றோடு கலப்பது), கேம்ஷாஃப்டில் (எஞ்சினுக்குள் சுற்றும் மேடுள்ள தண்டு) ஓடும் டயாபிரம் பம்ப். டயாபிரம் என்பது மேலும் கீழும் அசைந்து பெட்ரோலை ஏற்றும் ரப்பர் துணி. பம்ப் பாடியின் அடியில் இருக்கும் சிறு துளை பெட்ரோலில் நனைந்திருக்கிறது. டயாபிரம் கிழிந்துவிட்டது என்று அர்த்தம். கிழிசல் வழியே பெட்ரோல் எஞ்சின் ஆயிலில் கலந்திருக்கலாம், அதனால் அடுத்து டிப்ஸ்டிக் (ஆயில் அளவு பார்க்கும் குச்சி). ஆயில் அளவு கோட்டைத் தாண்டி நிற்கிறது, பெட்ரோல் வாடையும் வருகிறது. இந்த ஆயிலோடு செல்ஃப் அடிக்கவே கூடாது. நீர்த்த ஆயில் பேரிங்கைத் தின்றுவிடும், சம்ப்பில் (எஞ்சினின் அடியில் ஆயில் நிற்கும் தொட்டி) சேர்ந்த ஆவி தீப்பிடிக்கும். வடித்தாகிவிட்டது.

பிப்ரவரி 4

மாற்றுப் பம்ப் பற்றிய யோசனை. முதலில் பார்க்கவேண்டியது பிரஷர். இந்தக் கார்புரேட்டரின் நீடில் வால்வு (பெட்ரோல் நுழையும் வழியை மூடும் ஊசி) சுமார் 3 பிஎஸ்ஐ (பிரஷர் அளவு) வரைதான் தாங்கும். அதற்கு மேல் போனால், ஊசியை அழுத்திப் பிடிக்கும் ஃப்ளோட்டை (மிதவை) மீறி நீடில் திறந்து பெட்ரோல் வழியும். கடையில் எளிதாகக் கிடைக்கும் எலக்ட்ரிக் பம்புகளில் பல 4 முதல் 7 பிஎஸ்ஐ தருபவை. ரெகுலேட்டர் இல்லாமல் அவை ஆகாது. இன்ஜெக்‌ஷன் காரின் பம்ப் 40 பிஎஸ்ஐ-க்கு மேல். அந்தப் பேச்சே வேண்டாம்.

எலக்ட்ரிக் போடுவதென்றால் வண்டி 6 வோல்ட்டா 12 வோல்ட்டா, பாசிட்டிவ் எர்த்தா (பேட்டரியின் பாசிட்டிவ் முனை பாடியோடு சேர்ந்தது) என்று பார்த்த பிறகே வாங்கவேண்டும். பழைய பாயின்ட் (தொட்டு விலகும் முனை) வைத்த எலக்ட்ரிக் பம்புக்கு எர்த் எந்தப் பக்கம் என்பது பொருட்டல்ல. எலக்ட்ரானிக் பம்புக்கு எர்த்தை மாற்றிக் கொடுத்தால் போச்சு. இப்போது வரும் பம்புகளில் பெரும்பாலானவை தள்ளும் திறமுள்ளவை, இழுக்கும் திறம் குறைவு. அதனால் டேங்க் பக்கத்தில், தாழ்வாக வைக்கவேண்டும். ஃப்யூஸும், மோதினால் கரன்டை நிறுத்தும் சுவிட்சும் கட்டாயம். கிழிந்த மெக்கானிக்கல் பம்பை லைனில் விட்டுவிட்டு எலக்ட்ரிக்கைச் சேர்ப்பவர்கள் உண்டு. அது பெட்ரோலை நேராக சம்ப்புக்குள் தள்ளும்.

முடிவு: பழைய பம்பையே எத்தனால் தாங்கும் டயாபிரம் போட்டுப் புதுப்பிப்பது. பழைய ரப்பர் துணி எத்தனால் கலந்த பெட்ரோலில் நாளடைவில் விறைத்துப்போகும்.

பிப்ரவரி 8

பிரிக்குமுன் இரண்டு பாதிகளின் விளிம்பிலும் அரத்தால் ஒரு கோடு. வால்வு இரண்டும் பார்க்க ஒரே மாதிரி, ஆனால் ஒன்று மேல்நோக்கி, மற்றது கீழ்நோக்கி. திருப்பிப் போட்டால் பம்ப் ஒரு சொட்டும் ஏற்றாது. டயாபிரத்தின் தண்டை லிங்கில் இறக்கிக் கால் சுற்றுத் திருப்பினால் மாட்டிக்கொள்ளும்.

அவசரம் கூடாத இடம் ஸ்க்ரூ முறுக்குவது. எல்லாவற்றையும் வாஷரைத் தொடும்வரை மட்டும் விட்டு, லீவரை முழு ஸ்ட்ரோக்கில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, எதிரெதிராக முறுக்கவேண்டும். சும்மா இருக்கும் நிலையில் முறுக்கினால் துணிக்குத் தளர்வு இல்லாமல் போய், ஓட ஓட ஓரத்தில் கிழியும். பிரஷர் கூடட்டும் என்று ஸ்பிரிங்கை இழுத்து நீட்டுவது கெட்ட பழக்கம். பிரஷரைத் தீர்மானிப்பதே அந்த ஸ்பிரிங்தான்.

பிப்ரவரி 9

எஞ்சினில் பூட்டியாயிற்று. வெப்பத்தடுப்புக் கட்டையும் கேஸ்கெட்டும் பழைய தடிமனிலேயே. தடிமன் கூடினால் ஸ்ட்ரோக் குறையும். தடிமன் குறைந்தால் கேம், பம்பின் ஆர்மை (கேமைத் தொடும் கை) அளவுக்கு மீறித் தள்ளும்.

பிப்ரவரி 10

பெட்ரோல் பாதையிலிருந்து காற்றை வெளியேற்றும் வேலை. இக்னிஷன் ஆஃப், பேட்டரி வயர் கழற்றியாயிற்று, தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில். பம்பின் கண்ணாடிக் கிண்ணத்தில் பெட்ரோல் நிரப்பி, புது கார்க் கேஸ்கெட்டோடு கையாலேயே இறுக்கியாயிற்று. பிளையர் போட்டால் கண்ணாடி விரியும். கார்புரேட்டர் பக்க பைப்பைக் கழற்றி ஒரு பாட்டிலுக்குள் விட்டு, பம்பைக் கையால் இயக்கும் லீவரை அடித்தால், லீவர் தொளதொளவென்று ஆடுகிறது, ஸ்பிரிங்கின் எதிர்ப்பே இல்லை.

பம்பைக் குறை சொல்லுமுன் கேமை நினைக்கவேண்டும். கேம் மேடு ஆர்மைத் தள்ளிக்கொண்டிருந்தால் டயாபிரம் ஏற்கெனவே கீழே இருக்கும், லீவருக்கு வேலையே இல்லை. ஹேண்டில் போட்டு எஞ்சினை ஒரு முழுச் சுற்று சுற்றினால் கேம் அரைச் சுற்று நகரும். சுற்றியதும் லீவரில் கனம் வந்தது. முதலில் நுரை, பிறகு குமிழி, பிறகு குமிழி இல்லாத தாரை.

குமிழி நிற்கவேயில்லை என்றால் டேங்கிலிருந்து பம்ப் வரையுள்ள பாதை காற்றை உள்ளே இழுக்கிறது: விறைத்த ஹோஸ், சுருங்கிய கார்க், தளர்ந்த யூனியன் (பைப் இணைப்பு). இந்தப் பக்க ஓட்டையில் பெட்ரோல் கசிவது கண்ணுக்குத் தெரிவது அபூர்வம்; காற்றுதான் உள்ளே போகும். ஒன்றுமே வராவிட்டால் வால்வு காய்ந்திருக்கும்; இன்லெட்டில் சிரிஞ்சால் 10 மில்லி பெட்ரோல் விட்டால் பிடித்துக்கொள்ளும். ஹோஸில் வாய்வைத்து உறிஞ்ச வேண்டாம். நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து.

பைப்பை மாட்டி மறுபடி அடித்தபோது கொஞ்ச நேரத்தில் லீவர் மீண்டும் தொளதொளத்தது. இது நல்ல அறிகுறி. ஃப்ளோட் கிண்ணம் நிறைந்து, நீடில் அடைத்து, பெட்ரோல் டயாபிரத்தைக் கீழேயே பிடித்து வைத்திருக்கிறது.

பிப்ரவரி 11

புது ஆயில் விட்டு ஸ்டார்ட். பைப்பில் மூன்று வாய் இணைப்பு போட்டு பிரஷர் கேஜ் மாட்டியதில் 2 முதல் 2.5 பிஎஸ்ஐ. எஞ்சினை நிறுத்திய பிறகும் முள் சில நிமிடம் அசையாமல் நின்றது, வால்வு பிடிக்கிறது. சன்னமான பேப்பர் ஃபில்டரை பம்புக்கும் கார்புரேட்டருக்கும் நடுவில் மாற்றியாயிற்று. பம்புக்கு டேங்க் பக்கம் இருந்தால் இழுவை திணறும், அங்கே வலை ஃபில்டர் போதும். டேங்க் மூடியைத் திறந்தபோது 'உஸ்' என்று காற்றை இழுத்தது. மூடியின் காற்றுத்துளை அடைப்பு. கம்பி விட்டுத் திறந்தாயிற்று.