டெங்கு கேஸும் என்ர கிளினிக்கல் வைவாவும்

நேர்சிங் கிளினிக்கல் எக்ஸாமுக்கு எப்பிடி அக்கா படிச்சனீங்கள் எண்டு ஜூனியர் பிள்ளையள் கனபேர் கேக்கினம். நோட்ஸைப் பாடமாக்கினது தியறிக்குத்தான் உதவினது, வைவாவில, அதான் வாயால கேள்வி கேக்கிற சோதனையில, எக்ஸாமினர் மிஸ் கேக்கிறது வேற, "இப்ப நீர் முதல்ல என்ன செய்வீர்?" அதுதான் கேள்வி.

நான் செய்தது இதுதான். வோர்ட்டில நிக்கேக்க ஒரு பேஷன்ட்டைப் பாத்து, பிபி பல்ஸ் எல்லாம் எடுத்துப்போட்டு, பிஎச்ரியில (பேஷன்ட்டின்ர வோர்ட் றெக்கோட்டில) டொக்டர் எழுதின பிளானைப் பாக்காமல் நான் என்ன செய்வன் எண்டு கொப்பியில எழுதுவன், பிறகுதான் திறந்து பாக்கிறது. அலுப்புப் பிடிச்ச வேலைதான், ஆனா வேற எதுவும் இவ்வளவுக்கு உதவேல்லை.

வைவாவில எனக்கு வந்த கேஸ் டெங்கு. மாரி தொடங்கினா யாழ்ப்பாணத்தில மெடிக்கல் வோர்ட்டில அதுதானே கூட. அம்பது கிலோ பெடியன், காய்ச்சல் தொடங்கி அஞ்சாம் நாள், இண்டைக்குக் காய்ச்சல் இல்லை, பிபி 100/80, தாய் வீட்ட கூட்டிக்கொண்டு போப்போறன் எண்டு நிக்கிறா.

100/80 பாக்க நல்லாத்தான் கிடக்கும், ஆனா மேலயிருந்து கீழதைக் கழிச்சா 20 தான், டெங்குவில இந்த வித்தியாசம், அதான் பல்ஸ் பிரஷர், 20 க்கு வந்தா ஷொக் (உடம்புக்கு ரத்த ஓட்டம் காணாமல் போறது) தொடங்கீட்டுது எண்டு எடுக்கோணும். காய்ச்சல் விடுற நேரத்திலதான் ரத்தக்குழாயால பிளாஸ்மா, அதான் ரத்தத்தின்ர தண்ணிப் பகுதி, கசியத் தொடங்கிறது, அது 24 இலயிருந்து 48 மணித்தியாலம் நடக்கும். அதால, படுக்க வைச்சு திரும்ப பிபி எடுப்பன், கை கால் குளிருதோ, கேபிலரி ரீஃபில் (நகத்தை அமத்தி விட்டா நிறம் திரும்பிற நேரம்) 2 செக்கனைத் தாண்டுதோ எண்டு பாத்து உடன டொக்டருக்குச் சொல்லுவன், பிசிவி (ரத்தத்தில சிவப்பணு எத்தினை வீதம் எண்டது) பாக்க ரத்தம் ரெடியா வைப்பன், கடைசியா எப்ப எவ்வளவு சலம் போனது எண்டும் கேப்பன் எண்டன். மணித்தியாலத்துக்குக் கிலோவுக்கு 0.5 மில்லி, இவருக்கு 25 மில்லியாவது போகோணும்.

ஷொக் இல்லாத ஆளெண்டா எவ்வளவு ஃபுளூயிட் எண்டு மிஸ் கேட்டா. அம்பது கிலோவுக்கு, பிளாஸ்மா கசியிற 48 மணித்தியாலத்துக்கும் சேத்து 4600 மில்லி, வாயால குடிக்கிறதும் அதுக்குள்ளதான். இதைத்தான் கனபேர் விடுறவை, சொந்தக்காரர் இளநியும் கஞ்சியும் குடுத்துக்கொண்டே இருப்பினம், சார்ட்டில ஒண்டும் இராது, கூடினா நெஞ்சுக்குள்ள தண்ணி கட்டும். சிவப்புச் சோடா வேண்டாம், சத்தி எடுத்தா ரத்தமோ சோடாவோ எண்டு தெரியாது.

தாய்க்கு என்ன சொல்லுவீர் எண்டு மிஸ் கேட்டா. "அம்மா, காய்ச்சல் விட்டதாலதான் இப்ப கூடக் கவனமாப் பாக்கோணும், இப்ப கூட்டிக்கொண்டு போகாதேங்கோ" எண்டன். உடம்பு நோவுக்கு டைக்ளோஃபெனக் குடுப்பமோ எண்டு கடைசியா ஒரு கொக்கி போட்டா, ஏலாது மிஸ், ரத்தம் போற ஆபத்து, பரசிட்டமோல் மட்டும்தான் எண்டன். சரி போம் எண்டிட்டு அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டா.